ஹெட் கேஷியர் மாமா

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் சமையல் கிடையாது. ரசம் வீடியோவில் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே, என் மாமனார், போன மாதம் தவறிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "தங்கமான மனுஷன், ஆனா பேங்க்ல சேர்ந்த எடத்துலயே நின்னுட்டாரு" என்றார். அன்றைக்கு வீட்டில் அத்தனை பேர் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்குப் பேசுகிறேன்.

1969-ல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள் அல்லவா, அதற்குச் சில வருடம் கழித்து கிளார்க்காகச் சேர்ந்தவர் மாமா. ஆஃபீசர் ப்ரமோஷன் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பவும் வந்தது, திரும்பவும் எழுதிக் கொடுத்தார். ஆஃபீசர் ஆனால் எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அவர் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டுவது மாமாதான், அத்தையை விடமாட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் ஒருவர் பிறகு மேனேஜராக அதே கிளைக்கு வந்தார். மாமா எழுந்து நின்று "வாங்க சார்" என்றாராம். இதை அத்தை சொல்லும்போது குரலில் இப்போதும் கொஞ்சம் கோபம் இருக்கும். மாமாவுக்கு இல்லை.

ஆனால் ஊரை விட்டுப் போகாமல் இருந்தவரை ஒரு சாவி பிடித்துக்கொண்டது. பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று ஹெட் கேஷியரான மாமாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். லீவு வேண்டுமானால் இருக்கும் பணம் முழுவதையும் எண்ணி, கையெழுத்துப் போட்டு, சாவியை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார். ஆனால் வங்கிக்கும் லீவு என்றால் அதைச் செலாவணி முறிச் சட்டத்தின்படி விட வேண்டும்; இது அப்படி விடும் விடுமுறை இல்லை, வங்கி திறந்திருக்கும். ஊரே கோயிலில் இருக்க, இவர் விடியற்காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு பேங்குக்கு ஓடுவாராம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு ஏற்காடு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ஏரியில் எல்லோரும் படகில் போவார்கள், மாமா மட்டும் கரையில் செருப்புகளுக்குக் காவல். இடுப்பில் சாவி! "தண்ணியில விழுந்துச்சுன்னா திங்கக்கிழமை பேங்க் தொறக்காது" என்பாராம். அப்பா ஒரு தடவைகூடப் படகில் ஏறவில்லை என்று என் வீட்டுக்காரருக்கு இன்னும் குறை.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். அந்தக் காலத்தில் நூறு நோட்டு அடங்கிய கட்டுக்குத் தடித்த பின் அடித்திருப்பார்கள். அதை நகத்தால் நெம்பி நெம்பியே அப்படி ஆனது. 2001-ல் ரிசர்வ் வங்கி பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டை சுற்றுங்கள் என்று சொன்னது. "இருபது வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்று சிரிப்பார்.

இங்கே வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைய. கூலி வாங்கும் ஆட்கள் பணம் போட வந்தால் மாமா சொல்வது ஒன்றுதான்: "பத்தாம் தேதிக்குள்ள போடு சாமி, மாசக் கடைசி வரைக்கும் எடுக்காத." அப்போதெல்லாம் 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசி நாளுக்கும் நடுவில் கணக்கில் மிகக் குறைவாக இருந்த தொகைக்குத்தான் சேமிப்பு வட்டி. 25-ஆம் தேதி ஒரே ஒரு நாள் பணத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அந்த மாத வட்டி போச்சு. 2010 ஏப்ரலில்தான் தினசரி இருப்புக்கு வட்டி என்று மாறியது. கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது இதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காரியத்துக்குப் பட்டறை ஆட்கள் அத்தனை பேர் வந்ததற்குக் காரணம் அதுதான்.

வீட்டிலும் அதே கதைதான். சம்பளக் கவர் பிரிக்காமல் அத்தை கைக்கு வரும். எனக்குக் கல்யாணமான மாதமே என் பெயரில் தனிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். "உன் பணத்த உன் புருஷன் கேட்டாக்கூட யோசிச்சுக் குடும்மா" என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருவழியாகப் படகில் ஏற்றினோம். பாதி ஏரி தாண்டவில்லை, தலை சுற்றுகிறது, கரைக்கு விடு என்றார். சாவி பாதி, பயம் பாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் அவரிடம் டோக்கன் வாங்கி நின்றவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.