மொத அடி சொந்தத் தெருவுக்கு: மோர்டெகாய் ரிச்லர்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நையாண்டி எழுதுன ஒரு யூத நாவலாசிரியரப் பத்திப் பேசப் போறேன். அப்படின்னதும் அமெரிக்காக்காரங்க பேருதான் வரும்னு நினைச்சிருப்பீங்க, நான் கனடா பக்கம் போறேன். மோர்டெகாய் ரிச்லர், 1931ல மாண்ட்ரியல்ல பிறந்தவரு, அப்பாவுக்கு பழைய இரும்பு வியாபாரம், அம்மாவோட அப்பா பேர்பெற்ற ரபி, அதாவது யூத மதகுரு. வளந்தது செயின்ட் அர்பன் தெரு, ஏழை யூதக் குடும்பங்க நெருக்கியடிச்சு இருந்த ஏரியா. காலேஜ பாதியில விட்டுட்டு 19 வயசுல பாரிஸ் கிளம்பிட்டாரு, அப்புறம் லண்டன், 1972லதான் ஊர் திரும்புனாரு. ஆனா அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது அந்தத் தெருதான்.

1959ல வந்த டடி க்ராவிட்ஸ் நாவல எடுத்துக்கோங்க. நிலம் இல்லாதவன் மனுஷனே இல்லன்னு தாத்தா சொன்னது பையன் மண்டைல ஏறிடுது, ஏரிய சுத்தி இருக்குற நிலத்த வாங்க என்ன வேணா செய்வான். காசு சேக்க ஒரு குடிகார இங்கிலீஷ் டைரக்டர வச்சு பார் மிட்ஸ்வாவ, அதாவது யூதப் பசங்களுக்கு 13 வயசுல நடத்துற சடங்க, படம் புடிச்சு விக்கிறான், அந்தாளு வீட்டு விசேஷத்த உலக சினிமாவா எடுத்து வைக்க, அதப் பாத்துகிட்டே சொந்தக்காரங்க அடிக்கிற கமெண்ட் இருக்கே, விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனா அதே பையன், தன்கிட்ட வேல பாக்கப் போயி விபத்துல முடங்கிப்போன நண்பனோட செக்குல கள்ளக் கையெழுத்து போடுறான். கடைசில தாத்தாவே அந்த நிலம் வேணாங்குறாரு. மாண்ட்ரியல் யூதங்கள்ல நிறைய பேருக்கு கோவம், நம்ம ஆளே நம்மள காசுப் பேயா காட்டலாமான்னு.

அடுத்தது க்யூபெக், மாண்ட்ரியல் இருக்குற கனடா மாகாணம். 1977ல வந்த மொழிச் சட்டம், கடை போர்டெல்லாம் பிரெஞ்சுலதான் இருக்கணும்னு சொல்லுச்சு. 1991ல நியூயார்க்கர் பத்திரிகைல ரிச்லர் இத வச்சு செஞ்சாரு, அடுத்த வருஷம் அது புத்தகமாவும் வந்துச்சு, தடை பண்ணச் சொல்லி ஒரு எம்பி வரைக்கும் கெளம்பிட்டாங்க. என்னக் கேட்டா க்யூபெக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, பெரும்பான்மை பிரெஞ்சு பேசுற ஊர்ல முதலாளி மட்டும் இங்கிலீஷ்னா எத்தன நாளு பொறுப்பாங்க? ரிச்லர் சறுக்குன இடமும் உண்டு. க்யூபெக்க தனி நாடாக்கணும்னு கேட்ட பார்ட்டி க்யூபெக்வா கட்சியோட பாட்டு ஒரு நாஜிப் பாட்டுலேருந்து வந்ததுன்னு 1977ல எழுதிட்டாரு. அவரு நாஜிப் பாட்டுன்னு நினைச்சது உண்மைல ஒரு பிராட்வே நாடகத்துக்காக ரெண்டு யூதக் கலைஞர்கள் எழுதுனது, அதுக்கும் கட்சிப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல! பெரிய தப்புதான், அவரே பின்னாடி ஒத்துகிட்டாரு.

ஆனா கனடாவ விட்டுப் பிரியலாமான்னு 1995ல நடந்த பொது வாக்கெடுப்புல தோத்ததும், காசும் வேற இனத்துக்காரங்க ஓட்டும்தான் எங்கள தோக்கடிச்சுதுன்னு க்யூபெக் மாகாண முதல்வர் பாரிஸோ மேடைலயே சொன்னாரு பாருங்க, அதுக்கு ரிச்லர் குடுத்த பதில்தான் பதில். பிரெஞ்சு வம்சாவளி இல்லாத க்யூபெக் எழுத்தாளர்களுக்குன்னு ஒரு பரிசு ஆரம்பிச்சு அதுக்கு பாரிஸோ பேரையே வச்சுட்டாரு.

மொதல்ல எத படிக்கன்னு கேட்டீங்கன்னா, 1997ல கனடாவோட பெரிய இலக்கியப் பரிசான கில்லர் பரிசு வாங்குன கடைசி நாவல், பார்னி கதை. மூணு கல்யாணம் பண்ண ஒரு டிவி தயாரிப்பாளர், நண்பனக் கொன்னுட்டான்னு ஊரே பேசுது, தன் தரப்ப எழுத உக்காருறான், ஞாபகமோ அல்சைமர்ல நழுவிகிட்டே போகுது, மகன் அடிக்குறிப்புல ஒவ்வொரு தப்பா திருத்திகிட்டே வர்றான். ரிச்லர் 2001ல காலமானாரு. டடிய அப்புறமா படிச்சுக்கலாம், பார்னிய படிக்கும்போது மட்டும் அடிக்குறிப்ப தாண்டிப் போயிடாதீங்க, பாதி கதை அங்கதான் ஓடுது.