ஓவிய வகுப்புக்கு 80 நிமிடம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து ஒருமுறைகூட எழுந்து போகாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, நகக்கண்ணில் இன்னும் நீலம் ஒட்டியிருக்கும் என் சக ஓவிய ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தமிழாசிரியர் எனக்குக் கொடுத்த பட்டங்களில் பாதியை அவரிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். பொன்னாடையை மட்டும் தரமாட்டேன். அரக்கு உடல், பச்சைக் கரை. இன்றைய பாடத்தில் பாதி இதிலேயே நெய்திருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மூன்று செய்தி சொல்வேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கோடு கற்பிப்பது, வண்ணம் கற்பிப்பது, வரைந்ததற்கு மதிப்பெண் போடுவது. இம்மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்றார்களே, அந்தச் சுவர், அதாவது ஓவிய வகுப்புக்கான நேரமும் வசதியும். அதற்காகத்தான் நான் மேடை ஏறினேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோடு. ஆறாம் வகுப்புப் பிள்ளை எச்.பி. பென்சிலை முனையோடு சேர்த்துப் பிடித்து, தாள் குழி விழும்படி அழுத்தும். பிறகு ரப்பர், பிறகு கறை, பிறகு அழுகை. அதைவிட மென்மையான 2பி பென்சில் கொடுங்கள். முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் ரப்பர் மேசையில் இருக்கக்கூடாது. தப்பான கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும். தப்பு கண்ணெதிரே இருந்தால்தான் எவ்வளவு விலக வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

பயிற்சிக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம், ஒரு டம்ளர் போதும். எந்தப் பள்ளியிலும் பாருங்கள், டம்ளரின் வாயை இரண்டு வில்கோடாகப் போட்டு இரு ஓரத்திலும் கூராக முடித்திருப்பார்கள். அடிப்பாகத்தை நேர்கோடாக இழுத்திருப்பார்கள். ஏன் நேர்கோடு? மேசை சமமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கண் பார்த்ததை விட்டுவிட்டு மூளைக்குத் தெரிந்ததை வரைகிறது. திட்டினால் திருந்தாது. கண்ணாடி டம்ளரில் பாதிவரை தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு மை விடுங்கள். அதைப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், நீர்மட்டம் ஒரே கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்குங்கள், கோடு திறந்து நீள்வட்டமாகும். இன்னும் இறக்கினால் இன்னும் அகலமாகும். அப்படியானால் கண்ணுக்கு அதிகக் கீழே இருக்கும் அடிப்பாகம், வாயைவிட வளைவாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்டுவிட்டால் பாடம் முடிந்தது. பிறகு தோளிலிருந்து கையைச் சுழற்றி, தாளைத் தொடாமல் நாலைந்து சுற்று சுற்றி, அந்த வேகத்திலேயே பென்சிலை இறக்கச் சொல்லுங்கள். கூர் முனை வராது. அடி நீள்வட்டத்தையும் முழுசாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் மறையும் பாதியைக் கடைசியில் அழித்தால் போதும்.

முகம் வரையும்போது கண்ணை உச்சிக்கு அருகே வைத்துவிடுவார்கள், நெற்றியைப் பொருட்படுத்துவதில்லை. உச்சிக்கும் தாடைக்கும் நடுப்பாதியில்தான் கண் இருக்கிறது. ஸ்கேலை வைத்துப் பக்கத்துப் பிள்ளையின் தலையை அளக்கச் சொன்னால் வகுப்பே சிரித்துக்கொண்டு கற்றுக்கொள்ளும். பென்சிலை நீட்டி அளவெடுக்கும்போது முழங்கை மடங்கக்கூடாது. மடங்கினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். இதைச் சொல்லாமல் அளவெடுப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, படம் கோணலாக வருகிறதே என்று வருந்துகிறோம்.

நிழல் போட ஏழு கட்டம், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர். இடமிருந்து வலமாக வரிசையாகப் போனால் நாலாவது கட்டத்திலேயே கருப்பு வந்துவிடும், மிச்சம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். முதல் கட்டத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். ஏழாவதை, இன்னும் மென்மையும் கருமையும் கூடிய 6பி பென்சிலால் முழுக் கருப்பாக்குங்கள். பிறகு நடுவில் உள்ள நாலாவது. அதன் பிறகுதான் இடையில் இருப்பவை. தூரத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எந்தப் படி தாண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி வண்ணம். இங்கே நமக்குள் பேசவேண்டிய ஒரு பெரிய ஏமாற்று நடந்துகொண்டிருக்கிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளை கலக்கிப் பார்க்கிறது, பழுப்புச் சேறு வருகிறது. "நீ சரியாகக் கலக்கவில்லை" என்கிறோம். கலக்கியது சரி, நாம் கொடுத்த சிவப்புதான் தவறு. மலிவான பெட்டியில் உள்ள சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதாவது உள்ளே மஞ்சள் சாயல் இருக்கிறது. அதோடு பச்சைப் பக்கம் சாய்ந்த பிரஷ்யன் நீலத்தைச் சேர்த்தால் மூன்று அடிப்படை நிறமும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. மூன்றும் கூடினால் மங்கத்தான் செய்யும். ஊதா வேண்டுமென்றால் இரண்டும் ஊதாப் பக்கம் சாய்ந்தவையாக இருக்க வேண்டும்: கிரிம்சன் சிவப்போடு அல்ட்ராமரின் நீலம். தெளிந்த பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளோடு பிரஷ்யன் நீலம். ஆரஞ்சுக்கு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பான வெர்மிலியனோடு அடர்மஞ்சள். ஆகவே பள்ளிக்கு வாங்கவேண்டியது மூன்று புட்டி அல்ல. ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் இரண்டு, ஆக ஆறு, அதோடு ஒரு வெள்ளை. ஒரு பிள்ளைக்கு ஒரு நிறம் அரைத் தேக்கரண்டி, சுமார் 2.5 மில்லி. 40 பிள்ளைக்கு 100 மில்லி, ஒரு வகுப்புக்கு ஒரு புட்டி. மஞ்சளும் வெள்ளையும் இரட்டிப்பாகச் செலவாகும், அதற்கேற்ப எழுதிக்கொடுங்கள். கருப்பை வாங்கவே வேண்டாம் என்பது என் பிடிவாதம். மஞ்சளுக்கு நிழல் போட வேண்டுமென்று கருப்பைக் கலந்தால் மாம்பழம் பாசி பிடித்ததுபோல் பச்சையாகிவிடும். கொஞ்சம் ஊதா சேர்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்து அடங்கும்.

எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அடர் நிறத்தைத் தீக்குச்சி முனையளவு சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைக் கொட்டிக்கொண்டே போனால் புட்டி காலியாகும், பச்சை வராது. போஸ்டர் கலர் ஊற்றினால் விழும் அளவுக்கு இளகியிருந்தால் போதும். தண்ணீர் கூடினால் தாள் சுருண்டு திட்டுத் திட்டாகக் காயும், குறைந்தால் காய்ந்தபின் வெடித்து உதிரும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள (150 ஜி.எஸ்.எம்.) கார்ட்ரிட்ஜ் தாளாவது வேண்டும். ஓவிய நோட்டின் மெல்லிய தாள் இரண்டாவது பூச்சுக்கே நார் நாராக எழும்பும்.

அடுத்த குழப்பம் அறிவியல் வகுப்பிலிருந்து வருகிறது. அங்கே முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம். நம் வகுப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம். பள்ளி அலுவலக பிரிண்டரில் சியான், மெஜந்தா, மஞ்சள். சியான் என்றால் பச்சை கலந்த வெளிர்நீலம். மெஜந்தா என்றால் பயப்படவேண்டாம், ஏறக்குறைய நம் வாடாமல்லிதான். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும். சாயத்தோடு சாயம் சேர்ந்தால் ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கி இருட்டைக் கூட்டும். இந்த இரண்டு வாக்கியத்தை அறிவியல் ஆசிரியரும் நாமும் ஒரே வாரத்தில் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது.

இப்போது ஒரு கதை. உண்மைக் கதை. பாரிஸில் கோபெலின் என்று ஒரு அரசுத் திரைச்சீலைக் கூடம் உண்டு. கம்பளி நூலில் ஓவியம் நெய்வார்கள். 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரை அமர்த்தினார்கள். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கியவர். அவரிடம் வந்த புகார் என்ன தெரியுமா? கருப்பு கருப்பாக இல்லையாம். நீலத் துணி, ஊதாத் துணி நெய்யும் இடத்தில் நிழலுக்குக் கருப்பு நூல் போட்டால் அது வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று முறையிட்டார்கள். நம் ஊராக இருந்தால் சாயப்பட்டறைக்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லிச் சம்பளத்தைப் பிடித்திருப்போம். ஷெவ்ரல் வேறு பட்டறைகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கருப்புக் கம்பளியை வரவழைத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபெலின் கருப்பு எதற்கும் குறைந்ததில்லை! பிறகு எங்கே கோளாறு? நூலில் இல்லை, பார்ப்பவர் கண்ணில். நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருப்பின்மேல், வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு நேரெதிரே இருக்கும் எதிர்நிறமான ஆரஞ்சுச் சாயலைக் கண் தானாகப் பூசிவிடுகிறது. கருப்பு பலவீனமாகித் தெரிகிறது. சாயத்தொட்டியைச் சரிபார்க்கப் போன மனிதர், அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதியோடு திரும்பினார். 1839-இல் அதைப் பெரிய நூலாக வெளியிட்டார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள். 1889-இல் தம் 102-ஆம் வயதில்தான் மறைந்தார். ஈஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. (கைதட்டியதற்கு நன்றி, அது ஷெவ்ரலுக்கு.)

காஞ்சிபுரம் தறிக்காரருக்கு இதை யாரும் பிரெஞ்சில் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அரக்கு உடலுக்கு அதன் எதிர்நிறமான பச்சைக் கரையைக் கோர்வை போட்டால், அதாவது தனி ஊடையால் நெய்து இணைத்தால், இரண்டும் எடுப்பாகத் தெரியும் என்று அவர் கைக்குத் தெரியும். நீளவாட்டு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை இன்னொரு நிறம் என்று வைத்து மயில்கழுத்து நெய்கிறார். துணி அசையும்போது நிறம் மாறுகிறது. சாயத்தைத் தொட்டியில் கலக்காமல், நூலை அருகருகே வைத்துக் கண்ணில் கலக்கவிடும் வித்தை அது.

வகுப்பில் இதைக் காட்ட ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து 2 சென்டிமீட்டர் சதுரம் நான்கு வெட்டுங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீல வண்ணத்தாள்களின் நடுவில் ஒட்டுங்கள். நான்கு சாம்பலும் நான்கு விதமாகத் தெரியும். தெளிவாகத் தெரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், மேலே மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளை விரியுங்கள். மறைத்தால் குறையவேண்டும் அல்லவா, கூடுகிறது! விளிம்பும் தாளின் பளபளப்பும் அடங்கிவிடுவதால் கண்ணுக்குச் சாயல் மட்டும் எஞ்சுகிறது.

இத்தனையும் சொன்னேன். எப்போது நடத்துவது? கணக்குப் போடுவோம். பாடவேளை 40 நிமிடம். முந்தைய வகுப்பு முடிந்து பிள்ளைகள் உட்கார 5 நிமிடம். தாள், புட்டி, தூரிகை கொடுக்க 6. குழாய் ஒன்று, பிள்ளைகள் 40, ஆளுக்கு அரை நிமிடம் என்றால் தண்ணீருக்கே 20 நிமிடம். நாலு பேருக்கு இரண்டு குவளை, ஒன்று கழுவ, ஒன்று தெளிந்த நீருக்கு என்று வைத்து வாளியில் கொண்டுவந்தாலும் 5 நிமிடம் போகும். தூரிகை கழுவி, மேசை துடைக்கக் கடைசி 8. மிஞ்சுவது 16. போஸ்டர் கலரின் முதல் பூச்சு காயவே அதற்குக் கூடுதல் நேரம் ஆகும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஈரத்தின்மேல் இரண்டாம் பூச்சு போட்டுச் சேறாக்கி, ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வண்ணம் வரவில்லை என்கிறோம். சுவரே இல்லாத இடத்தில் சித்திரம் எங்கே எழுதுவது, ஐயா?

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வகுப்பில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2012-இல் தமிழகத்தில் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது வாரம் மூன்று அரைநாள் பணி என்று வைத்தார்கள். அரைநாளில் நான்கு பாடவேளை என்று வைத்தால் இரண்டு 80 நிமிட வகுப்பு. மூன்று அரைநாளுக்கு ஆறு. மூன்று வகுப்பு, வகுப்புக்கு இரண்டு பிரிவு என்றால் ஆறு பிரிவு. கணக்கு நேராகப் பொருந்துகிறது! புதிய பணியிடமும் வேண்டாம், புதிய ஆணையும் வேண்டாம். என் முதல் கோரிக்கை இதுதான்: திங்களில் ஒன்று வியாழனில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும் இரண்டு ஓவியப் பாடவேளைகளை ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால அட்டவணை எழுதும் உதவித் தலைமையாசிரியரின் பென்சில் போதும்.

இரண்டாவது, தேர்வு நெருங்கியதும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஓவிய வகுப்பைக் கடன் கொடுப்பது. கணக்காசிரியர்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது, அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கடன் வாங்கினால் திருப்பித் தருவதும் கணக்குதானே? மூன்றாவது, ஓவியம் நடக்கும் அறைக்கு அருகே ஒரு குழாய், தாள் உலர்த்த ஒரு கொடிக்கயிறு, 40 துணிக்கிளிப். சுவர் என்று நான் கேட்பது இவ்வளவுதான்.

மதிப்பெண் பற்றிச் சொல்வதாக அழைப்பிதழில் இருக்கிறது. அவைத் தலைவர் ஐயா கடிகாரத்தை இரண்டாவது முறை பார்க்கிறார். அழகுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள், பிள்ளை கலந்து பார்த்த ஒத்திகைத் தாளையும் சேர்த்து வாங்கிப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தூரத்துப் பொருளைச் சிறிதாக்கி வரையும் தூரநோக்கு பற்றிக் கேள்வி எழுதியனுப்பிய அம்மையார் மன்னிக்கவேண்டும், தேநீர் வேளையில் பேசுவோம்.

இந்த மூன்று கோரிக்கையும் தீர்மானமாகத் தட்டச்சு செய்து வலப்பக்க வாசல் மேசையில் வைத்திருக்கிறது. கல்வி அலுவலர் அம்மா அவர்களிடம் இன்றே ஒரு பிரதி கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் இருக்காது. பென்சிலால் போடாதீர்கள், பேனாவை மேசையிலேயே நூலில் கட்டி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.