பால் பொங்கி கிழக்கே வழியணும்: எங்கள் வீட்டுத் தைப்பொங்கல்

வணக்கம் மக்களே. மணி அஞ்சரை ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன். கொஞ்சம் புகை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பாகக் கூட்டியிருக்கும் இந்த மூன்று கட்டிகளுக்கும் பொங்கக்கட்டி என்று பேர். காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றிப் பட்டை அடித்திருக்கிறோம். இதன்மேல்தான் மஞ்சள் குலை கட்டிய வெண்கலப் பானை ஏறும். எரிக்கப் பனையோலைதான். ஓலை சட்டென்று பற்றும், சட்டென்று அடங்கும். அதனால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பால் பொங்கி கிழக்கே வழிந்தால் அந்த வருஷம் வீட்டில் நெல்லுக்கும் காசுக்கும் குறைவு வராது என்பார்கள் ஆச்சி. எனக்கும் அதே நம்பிக்கைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் முக்கால் பானைதான் தண்ணீர் ஊற்றினேன். கொதித்தது, நுரை கட்டியது, விளிம்பைத் தொடவே இல்லை. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சரிசி களைந்த இரண்டாவது தண்ணீரைக் கழுத்து வரைக்கும் ஊற்றுங்கள். மேலே ஒரு டம்ளர் பால். வெறும் தண்ணீர் என்றால் குமிழி உடைந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரும் பாலும் சேர்ந்தால்தான் நுரை உடையாமல் ஏறும். விளிம்பில் நெய் தடவிவிடாதீர்கள், நெய் பட்டால் நுரை அமர்ந்துவிடும். பானையைக் கிழக்கே ஒரு துளி சாய்த்து வைப்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் நேராகத்தான் வைப்போம்.

இதோ, ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டுகிறது பாருங்கள்... நடுவில் கூடுகிறது... ஓலையைத் தள்ளு, தள்ளு! பொங்கலோ பொங்கல்! ஆச்சியின் குலவை கேட்கிறதா?

சரி, இப்போது இரண்டு செம்புத் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு அரிசியைப் போடுகிறேன். வற்றினால் இந்தத் தண்ணீரைத்தான் திரும்ப ஊற்ற வேண்டும். இது வெள்ளைப் பொங்கல், உப்புகூடக் கிடையாது. அடுத்த பானையில் சர்க்கரைப் பொங்கல்: அரை கிலோ அரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, முக்கால் கிலோ வெல்லம். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. முந்தி ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும், எவ்வளவு எரித்தாலும் வேகாது.

குழம்புக்குச் சேனை, பூசணி, கத்தரி, அவரை, மொச்சை எல்லாம் உண்டு. ஆனால் சிறுகிழங்கு இல்லாமல் எங்கள் பொங்கல் கிடையாது. அதைக் கத்தியால் சீவாதீர்கள், பாதி வீணாகும். ஈரச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் தோலும் மண்ணும் கழன்று, கிழங்கு வெளுத்து வரும். வாசனை மாறாது. புளியை மட்டும் குறைத்து விடுங்கள்.

சூரியன் வந்தாச்சு. குத்துவிளக்கு, கரும்பு, பனங்கிழங்கு, தலைவாழை இலை எல்லாம் வாசலில் வைத்தாயிற்று. கிட்ட வந்து பானையைப் பாருங்கள். கழுத்திலிருந்து அடி வரைக்கும் பால் காய்ந்த வெள்ளைக் கோடு. கிழக்குப் பக்கம்தான். இன்றைக்கு அதைத் துடைக்க மாட்டோம். ஆச்சி சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன்.