முன்வரிசை ஐந்து பேர்

நண்பர்களே, வணக்கம். நேராக ஆட்டத்துக்கே போய்விடுகிறேன். 2021 பிப்ரவரி 7, அமெரிக்காவின் டாம்பா நகரம், அமெரிக்கன் ஃபுட்பாலின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், பேட்ரிக் மஹோம்ஸ் பந்தோடு ஓடுகிறார். பின்னாலேயே துரத்துகிறார்கள். தடுமாறி விழுகிறார். உடம்பு தரைக்கு இணையாக அந்தரத்தில் கிடக்கிறது. அந்த நிலையிலும் பந்தை எறிகிறார்! எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்ற சக ஆட்டக்காரர் டேரல் வில்லியம்ஸின் ஹெல்மெட் கம்பியில் பட்டுப் பந்து கீழே விழுகிறது.

அந்தக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். அன்றைக்கு சீஃப்ஸ் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. 31க்கு 9 என்று தோற்றார்கள். பந்தை எறிவதற்கு முன்னால் மஹோம்ஸ் அங்கும் இங்கும் ஓடித் தப்பித்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள்: 497 கெஜம். ஏறக்குறைய ஐந்து மைதான நீளம். எறிகிறவன் இவ்வளவு ஓடினான் என்றால், அவனைக் காக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

அவர்கள்தான் இன்றைய பேச்சு. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். இவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். சென்டர் மட்டும் ஒவ்வொரு முறை ஆட்டம் நின்று தொடங்கும்போதும் குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்புவார். இவர்கள் தவறு செய்தால்தான் பெயரே வெளியே வரும்.

சீஃப்ஸுக்கு அந்த வருடம் விதி விளையாடியது. இடது டாக்கிள் எரிக் ஃபிஷருக்கு அதற்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்தது. வலது டாக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் அக்டோபரிலேயே வெளியேறிவிட்டார். கார்டு லோரான் டுவெர்னே-டார்டிஃப் ஒரு மருத்துவர். கோவிட் காலத்தில் விளையாட்டை விட்டுவிட்டு மான்ட்ரியால் அருகே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டார். அவரை யாரால் குறை சொல்ல முடியும்? ஆக, இறுதி ஆட்டத்தில் நின்றது ஒட்டுப்போட்ட வரிசை.

அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். கோவிடால் வருமானம் குறைந்து, ஒவ்வோர் அணிக்குமான சம்பள உச்சவரம்பு 198 மில்லியன் டாலரிலிருந்து 182.5 மில்லியனுக்கு இறங்கியிருந்தது. தோற்று ஐந்து வாரம் ஆவதற்குள் ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் விடுவித்துவிட்டார்கள். ஃபிஷர் சாதாரண ஆள் இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக எடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்வானவர். மனசு கேட்காது, ஆனால் பணம் வேண்டுமே.

அந்தப் பணத்தை எங்கே போட்டார்கள்? ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்றிருப்பவரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். அப்படி வந்த இடது கார்டு ஜோ தூனிக்கு ஐந்து வருடத்துக்கு 80 மில்லியன் கொடுத்தார்கள். தேர்ந்த ஆள், முழு விலை. இடது டாக்கிளுக்கு ட்ரென்ட் வில்லியம்ஸை இழுக்கப் பார்த்தார்கள், அவர் பழைய அணியிலேயே இருந்துவிட்டார். உடனே தங்கள் டிராஃப்ட் முதல் சுற்று வாய்ப்பையும் இன்னும் சிலவற்றையும் பால்டிமோர் ரேவன்ஸுக்குக் கொடுத்து ஆர்லாண்டோ பிரவுனை வாங்கினார்கள். பிரவுனின் அப்பாவும் அதே ரேவன்ஸ் அணியில் டாக்கிளாக ஆடியவர். மகன் இடது டாக்கிளாக நிற்க வேண்டும் என்பது மறைந்த அப்பாவின் ஆசை. ரேவன்ஸ் வலப்பக்கம் நிறுத்தியதால்தான் அவர் வேறு அணி கேட்டார்.

டிராஃப்டில் இரண்டாம் சுற்றின் கடைசியில், 63ஆவது ஆளாக, க்ரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டர் கிடைத்தார். இடது கைக்காரர். பந்து மற்ற சென்டர்கள் அனுப்புவதற்கு எதிர்த்திசையில் சுழன்று வரும். வாங்குகிறவர் அதற்குக் கையைப் பழக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கதை ட்ரே ஸ்மித்துடையது. கல்லூரிக்கு வரும்போதே நாடே பேசிய ஆள். நுரையீரலில் ரத்தம் உறைந்த நோய் வந்ததும் அணிகள் பயந்துவிட்டன. எல்லா அணிகளுமாக 225 பேரை எடுத்த பிறகு 226ஆவதாக இவரை சீஃப்ஸ் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே வலது கார்டாக இறங்கினார். 2025இல் அதே ஸ்மித்துக்கு நான்கு வருடத்துக்கு 94 மில்லியன். எல்லாரும் மருத்துவ அறிக்கையைப் படித்தார்கள். இவர்கள் அதற்கு மேலேயும் எதையோ பார்த்திருக்கிறார்கள். அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், மறுக்கவில்லை.

2021 சீசனின் முதல் ஆட்டத்தில் ஐந்து இடத்திலும் புது ஆள். அடுத்த வருட சீசனின் கடைசியில், 2023 பிப்ரவரியில், சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எதிரே வந்தது. அந்த சீசனில் எதிரணி குவார்ட்டர்பேக்குகளை 70 முறை கீழே தள்ளிய அணி. அன்றைக்கு மஹோம்ஸை ஒருமுறைகூடத் தள்ள முடியவில்லை. 38க்கு 35, சீஃப்ஸ் வெற்றி.

இன்னொன்று கவனியுங்கள். அன்றைய வலது டாக்கிள் ஆண்ட்ரூ வைலி. டாம்பாவில் அடிவாங்கிய வரிசையில் அதே இடத்தில் நின்ற அதே மனிதர்! மாறியது பக்கத்தில் நின்றவர்கள். விலை கொடுத்து ஐந்து நட்சத்திரங்களை வாங்கினால் வரிசை ஆகிவிடாது என்று நான் நினைப்பதற்கு வைலி ஒருவரே போதும்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. சம்பளப் பேச்சு ஒத்துவராமல் பிரவுன் போய்விட்டார். இடது டாக்கிள் இடத்தில் யாரும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே ஈகிள்ஸ். கார்டாக வாங்கிய தூனியை இடது டாக்கிளாக நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். மஹோம்ஸ் ஆறு முறை கீழே விழுந்தார். 40க்கு 22, தோல்வி. அடுத்த மாதமே தூனியை சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசி ஆளாக ஜாஷ் சிம்மன்ஸ் என்ற இடது டாக்கிளை எடுத்தார்கள். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, மற்ற அணிகள் யோசித்து ஒதுங்கிய பையன்.