பன்னிரண்டு இடம், பதினைந்து ஆள்

(பழைய வண்ணாரப்பேட்டையில், ஓட்டல், மெஸ், பிரியாணிக் கடை நடத்துவோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், கல்லாவைத் தம்பியிடமோ மகனிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சாயங்கால வியாபாரத்துக்கு முன் உங்களை அனுப்பிவைக்க வேண்டும். அதனால் நேராகக் கணக்குக்கே வருகிறேன்.

"ஆள் கிடைக்கலை" என்று எல்லோரும் சொல்கிறோம். சரி, எத்தனை ஆள் வேண்டும்? பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், சாம்பார், குழம்பு வைக்கும் சரக்கு மாஸ்டர், உதவியாள், சப்ளையர் நாலு பேர், டேபிள் கிளீனர், பாத்திரம் கழுவுகிறவர், பார்சல், கல்லா என்று விரல் விட்டு எண்ணிப் பன்னிரண்டு என்போம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பன்னிரண்டு என்பது நிற்கிற இடத்தின் கணக்கு. கடை 365 நாளும் திறந்திருந்தால் வருஷத்துக்கு 12 × 365, அதாவது 4,380 ஆள்-நாள் வேண்டும். ஒருவர் எத்தனை நாள் தருவார்? வார லீவு 52 போனால் 313. ஊருக்குப் போவது, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் 25 நாள் வையுங்கள், மிச்சம் 288. 4,380-ஐ 288-ஆல் வகுத்தால் 15.2 வருகிறது. பன்னிரண்டு இடத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். பன்னிரண்டு பேரையே வைத்துக்கொண்டு ஓட்டும் கடையில் அந்த மூன்று பேரின் வேலை யார் தலையிலோ விழுகிறது. வார லீவு ரத்தாகும், டபுள் ஷிப்டு வரும். பிறகு தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன் பொங்கல் முடிந்தும் திரும்ப மாட்டான். நாம் "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்போம்.

மூன்று பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அதற்கு நேரக் கணக்கு வேண்டும்.

வடசென்னையில் எல்லாக் கடைக்கும் ஒரே கடிகாரம் கிடையாது. மண்ணடியில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஒரே நேரத்தில் கூட்டம் இறங்கும். மீன் வாங்க ஆட்கள் குவியும் காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலை. துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளிச் சாயங்காலங்களும். திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயில் பௌர்ணமி. மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை ஷிப்டு மாறும் நேரம். பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து நாமும் வைப்பது அதனால்தான் சரிப்படுவதில்லை.

இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணி, பக்கத்தில் காத்து நிற்பவர்களையும் குறித்தால் போதும். பில் மெஷினே சொல்லிவிடுமே என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டபின் பில் போடும் கடையில் மெஷின் காட்டுவது ஆள் எழுந்து போன நேரம். ஒன்றேமுக்காலுக்குக் குவிந்திருக்கும் பில் எல்லாம் ஒன்றேகாலுக்கு உள்ளே வந்தவர்களுடையது. அதைப் பார்த்து ஆளை ஒன்றரைக்கு நிறுத்தினால் கூட்டத்துக்குப் பின்னால்தான் போய் நிற்பார்கள். டோக்கன் வாங்கிச் சாப்பிடும் கடையில் மட்டும் பில் நேரம் வந்த நேரத்தோடு ஒட்டியிருக்கும்.

ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு சூத்திரம் உண்டு: உள்ளே இருக்கும் ஆள் எண்ணிக்கை என்பது, மணிக்கு வருகிறவர்களை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியது. உங்கள் கடையில் 30 இருக்கை, ஒருவர் சாப்பிட 30 நிமிடம் என்றால் மணிக்கு 60 பேரை உட்கார வைக்கலாம். எச்சில் இலை எடுக்க, மேசை துடைக்க 4 நிமிடம் தாமதம் என்று வையுங்கள். அந்த இருக்கைக்கு அது 34 நிமிடம். 60 இப்போது 53 ஆகிவிட்டது. மணிக்கு 7 பேர், மதியம் இரண்டு மணி நேரத்தில் 14 பேர் வாசலோடு திரும்புகிறார்கள். சாப்பாடு 120 ரூபாய் என்றால் 1,680 ரூபாய் வியாபாரம். சாமான் செலவு போனாலும் அதில் பாதிக்கு மேல் நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இன்னொரு டேபிள் கிளீனர் நின்றால் ஆகும் கூலி இதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடினால் சப்ளையரைக் கூட்டுகிறோம். பரிமாற ஆள் கூடும், உட்கார இடம் கூடாது.

சப்ளையரைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. டாம் டான், செர்கெய் நெட்டெசின் இருவரும் அமெரிக்க உணவகங்களின் பில் கணக்கை அலசி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சப்ளையர் கவனிக்கும் கூட்டம் கூடக்கூட அவர் போடும் பில் தொகையும் ஓரளவு வரை ஏறியது. அந்த அளவைத் தாண்டியதும் அவசரத்தில் இறங்கியது. அவர்கள் பார்த்த கடைகளில் ஆள் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. சும்மா நிற்கும் சப்ளையர் கூடுதலாக விற்பதில்லை. நம்மூரில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இலைச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று ஒரே ஆளிடம் நாலைந்து முறை போக வேண்டும். இரவு டிபனில் தட்டை வைத்தால் முடிந்தது. ஒரே சப்ளையருக்கு மதியமும் இரவும் ஒரே எண்ணிக்கை மேசை கொடுப்பது தப்பு.

மூன்று மணி முதல் ஆறு மணி வரை பாருங்கள். பல கடைகளில் எட்டுப் பேர் நின்று மூன்று பேர் வேலையைச் செய்வார்கள். அந்தப் பகல் மணிகளை எடுத்து உச்ச நேரத்துக்கு மாற்றினால், நான் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேருக்காவது கூலி வந்துவிடும். அக்கம்பக்கத்துத் தெருப் பெண்கள் மதியம் மூன்று மணி நேரம் மட்டும் வரத் தயாராக இருப்பார்கள். முழு நாள் வேண்டும் என்று அடம்பிடிப்பது நாம்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மணிகளை மாற்றுகிறேன் என்று ஒரே ஆளைக் காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி, நடுவில் விட்டு, இரவு பதினொன்றுக்கு அனுப்பும் பிரேக் ஷிப்டைப் போடாதீர்கள். சட்டம் தருவது வாரத்துக்கு 48 மணி நேரம். அதோடு வேலை நேரம் நாளுக்கு நாள் மாறக் கூடாது. சரவணன் கேசவனும் ஜோன் வில்லியம்ஸும் அமெரிக்காவில் 'கேப்' (Gap) என்ற நிறுவனத்தின் துணிக்கடைகளில் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்லி நிலையாக வைத்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. துணிக்கடைக் கணக்கு நமக்கெதற்கு என்கிறீர்களா? எம்.சி. ரோட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா!

அடுத்து, சண்டை. நம் கடைகளில் ஆள் வெளியேறுவது சம்பளத் தேதியில் மட்டும் நடப்பதில்லை. இரவு எட்டரைக்குப் பரோட்டாக் கல் பக்கத்திலும் நடக்கிறது. 1940-களில் வில்லியம் ஃபூட் வொய்ட் என்ற சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களில் இதைத்தான் பார்த்தார். மேலான இடத்தில் இருப்பதாக நினைக்கும் சமையல்காரருக்கு, கீழான இடத்தில் இருக்கும் பரிமாறுகிறவர் உத்தரவு போடுவது போல ஆகிவிடுகிறது. அவர் வேண்டுமென்றே தாமதிக்கிறார், இவர் அழுகிறார். ஆர்டர் சீட்டைக் கம்பியில் குத்தி வைக்கும் முறை அங்கே இந்த உரசலைக் குறைத்தது. சீட்டைப் பார்த்து வேலை செய்வதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

நம்மிடம் சப்ளையர் "ரெண்டு செட்டு, ஒரு கலக்கி" என்று கத்துகிறார். சத்தம் யாருக்கு அதிகமோ அவருக்கு முதலில் கிடைக்கிறது. நடுவில் ஆன்லைன் ஆர்டர்க்காரப் பையன்கள் ஹெல்மெட்டோடு அதே ஜன்னலில் நிற்கிறார்கள். எண் போட்ட சீட்டு, ஒரு கம்பி, கூட்ட நேரத்தில் சீட்டை வாசிக்க ஒரே ஆள், பார்சலுக்குத் தனி ஜன்னல். ஜன்னலுக்கு இடமில்லை என்றால் பார்சல் சீட்டுக்கு வேறு நிறக் காகிதமாவது வேண்டும்.

புது ஆள் செலவு பற்றிச் சுருக்கமாக. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹிங்கின், டிரேசி இருவரும் 2000-ல் கணக்கிட்டபோது, ஓட்டல் ஊழியர் விலகுவதால் ஆகும் செலவில் பெரும்பங்கு ஆள் தேடும் செலவில் இல்லை, புதியவர் வேலை பழகும் வரை குறையும் உற்பத்தியில்தான் இருந்தது. நாம் ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததைத்தான் எண்ணுகிறோம். மேசை எண் தெரியாமல் மாறிப்போன தட்டு, விட்டுப்போன பில், இரண்டாம் சாம்பார் கேட்டு எழுந்தே போனவர், இவை எந்த நோட்டிலும் இல்லை. புதியவரை முதல் வாரம் ஒரு பழைய சப்ளையரோடு விட்டு, சொல்லித் தருகிறவருக்குத் தினம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் ஏன் சொல்லித் தர வேண்டும்? எந்த இடத்துக்கும் வேலை தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். பிரியாணி மாஸ்டர் விஷயத்தில், மசாலாவை உதவியாள் எடை போட்டுத் தரட்டும், தண்ணீரும் தீயும் தம்மும் மாஸ்டர் கையில் இருக்கட்டும். அண்டாவுக்கு இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிராம் மிளகாய்த்தூள் என்று எழுதி இருந்தால், மாஸ்டர் வராத நாளில் கடையை மூட வேண்டியதில்லை.

அட்வான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய தொகை கொடுத்து, ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு, கடன் தீரும் வரை போகக் கூடாது என்பது 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அதே பணத்தை, ஊருக்குப் போய்த் திரும்பி வந்து வேலையில் சேர்ந்த வாரத்தில் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. வராது, பத்தொன்பதோடு நிறுத்தினால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். வராது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 பைசா. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து ஒருவருக்குக் கை வெந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மீன் மெஸ்காரர்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விலை ஏறும், வரத்து குறையும், எப்படியும் வியாபாரம் படுக்கும். ஊர் லீவை அதற்குள் முடித்துவிடலாம். தலைக்கு 15 நாள் என்றால் நாலு சுற்று வரும். பத்துப் பேர் கடையில் சுற்றுக்கு இரண்டோ மூன்றோ பேர் போகலாம். எந்தச் சுற்றில் யார் என்று மார்ச் முதல் வாரத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும்.