ஏற மறுக்கும் இமேஜ்

நேயர்களுக்கு வணக்கம்.

திரையைக் காட்டாமல் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனில்தான் நோயைச் சொல்கிறார்கள், நானும் போனில்தான் மருந்து சொல்கிறேன். இருபது வருடப் பழக்கம். அந்தத் தைரியத்தில் மைக் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆவணி முகூர்த்த சமயம். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அண்ணாச்சி, கடை அடைக்கிற நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கையில் சிபியூ, இன்னொரு கையில் மஞ்சள் பைக்குள் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

“தம்பி, டிஸ்க் போச்சு. பேக்கப் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது. காலையில காட்டின இடத்துல பேக்கப் கரப்ட், ஃபார்மேட் போட்டுரலாம்னு சொல்லிட்டாங்க.”

ஃபார்மேட் போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் கதை வேறு. பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துரு. அந்த எழுத்துரு மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால், திருமணம் என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். அந்த மென்பொருளின் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதை விற்ற கடையும் இப்போது இல்லை. கோப்புகள் மட்டும் கிடைத்து அவருக்குப் பிரயோஜனம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் இருந்தபடியே, அதே விண்டோஸ் 7, அதே எழுத்துரு, அதே விசைப்பலகையோடு திரும்ப வேண்டும். சிஸ்டம் இமேஜ் என்பது இதற்குத்தான். டிஸ்க்கை அப்படியே அச்சு எடுத்து வைப்பது.

அண்ணாச்சி அதை ஒழுங்காகவே எடுத்து வைத்திருந்தார். பாராட்ட வேண்டும். இமேஜ் ஏறவில்லை என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது ‘பேக்கப் கெட்டுப்போச்சு’. என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டுத் தடவை பேக்கப் நன்றாகத்தான் இருக்கும். ஏற்றுகிற நிரல்தான் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முறைத்துக்கொள்ளும். ஏன் முறைக்கிறது என்பதையும் நேராகச் சொல்லாது.

சரி, முதலில் என்ன செய்தேன்? ஏற்றப் பார்க்கவில்லை. மறுபடி மறுபடி முயற்சி செய்வதை முதலில் நிறுத்த வேண்டும். அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. அதை என் கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். இமேஜ் எடுக்கும்போது விண்டோஸ் ஒரு ஃபோல்டர் உண்டாக்கும். அதன் பெயர் விண்டோஸ்இமேஜ்பேக்கப். மூன்று சொல்லும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒன்றாக இருக்கும். அதற்குள்ளே உங்கள் கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே தேதி போட்ட இன்னொரு ஃபோல்டர். அதற்குள்ளேதான் சரக்கு. விண்டோஸ் 7 என்றால் விஹெச்டி கோப்புகள், விண்டோஸ் 8 முதல் விஹெச்டிஎக்ஸ். கூடவே நிறைய எக்ஸ்எம்எல் கோப்புகள். இது என்ன குப்பை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். பழைய டிஸ்க் எத்தனை பெரிது, எப்படிப் பிரித்திருந்தது என்கிற விவரமெல்லாம் அங்கேதான் எழுதி வைத்திருக்கும்.

விஹெச்டி என்பது ஒரு கோப்புக்குள் மடித்து வைத்த முழு டிஸ்க். அதைப் பிரித்துப் பார்க்க இமேஜை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் என்ற மெனுவில் அட்டாச் விஹெச்டி கொடுத்தால் போதும், அது ஒரு டிரைவாக வந்து நிற்கும். கொடுக்கும்போது கீழே ரீட் ஒன்லி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நாம் சும்மா பார்க்கப் போன இடத்தில் விண்டோஸ் ஏதாவது எழுதிவைக்கும், அப்புறம் அந்த இமேஜை நம்ப முடியாது. டிரைவ் எழுத்து வராவிட்டால் நாமே ஒரு எழுத்து கொடுக்கலாம்.

அண்ணாச்சியின் இமேஜில் இரண்டு விஹெச்டி இருந்தன. சின்னது, பூட் விவரம், அதாவது கம்ப்யூட்டர் எழும்புவதற்கான விவரம் இருக்கும் 100 எம்பி பகுதி. பெரியது சி டிரைவ். அதைத் திறந்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. சித்திரை முகூர்த்தம், வைகாசி முகூர்த்தம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. அண்ணாச்சி அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கோப்புகளை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டேன். இனி என்ன ஆனாலும் இது கையில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பார்த்து முடித்ததும் டீட்டாச் கொடுப்போம் இல்லையா, விண்டோஸ் 7இல் அந்தப் பெட்டியிலும் ஒரு கட்டம் இருக்கிறது. ‘டிஸ்க்கை எடுத்த பிறகு விஹெச்டி கோப்பை அழித்துவிடு’ என்று அர்த்தம் வரும் கட்டம். அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்களோ! டிக் போடுகிற ஜோரில் அதிலும் போட்டுவிட்டால் பேக்கப் போய்விடும்.

இப்போது ஏற்றுகிற வேலை. இமேஜ் ஏற்றுகிற நிரல் இருக்கும் விண்டோஸ் 7 ரிப்பேர் சிடி போட்டு பூட் செய்தேன். 32 பிட் விண்டோஸ் என்றால் 32 பிட் சிடி, 64 என்றால் 64. மாற்றிப் போட்டால் ஒத்துக்கொள்ளாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகாமல் கருப்புத் துளையில் செருகினேன். நீலம் யூஎஸ்பி 3. விண்டோஸ் 7 சிடிக்கு அந்தத் துளையைப் பார்க்கவே தெரியாது. செருகியாயிற்று. ‘இந்தக் கம்ப்யூட்டரில் சிஸ்டம் இமேஜ் எதையும் காணவில்லை’ என்றது.

நான் அப்போதுதான் பார்த்த இமேஜ். எப்படிக் காணாமல் போகும்? டிஸ்க்கை மறுபடி என் கம்ப்யூட்டரில் செருகி, இந்தத் தடவை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தேன். அண்ணாச்சியின் மருமகன் லீவுக்கு வந்தபோது டிஸ்க்கைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் ‘ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த நிரல், டிஸ்க்கைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற முதல் மட்டத்தில் மட்டும்தான் தேடும். ஒரு ஃபோல்டருக்கு உள்ளே போனாலும் அதற்குத் தெரியாது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தெரியாது. ‘பேக்கப் ஒன்று’, ‘பேக்கப் இரண்டு’ என்று அழகாகப் பெயர் மாற்றி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். எழுதக் கூடாது என்று சொன்ன டிஸ்க்கில் நான் செய்த ஒரே மாற்றம், அந்த ஃபோல்டரை ஓல்டிலிருந்து எடுத்து வெளியே வைத்தது. அதையும் கோப்புகளை நகல் எடுத்த பிறகுதான் செய்தேன்.

மறுபடி சிடி. இந்தத் தடவை இமேஜைக் கண்டுபிடித்தது, தேதியைக் காட்டியது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். ஒரு நிமிடம் ஓடிற்று. நின்றது. சிஸ்டம் டிஸ்க்கை மீட்கப் பயன்படுத்தக்கூடிய டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று செய்தி. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் சிபியூவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டிய புதிய எஸ்எஸ்டி, வேகமான புது வகை டிஸ்க். ஸ்டிக்கரில் 480 ஜிபி.

“பழைய டிஸ்க் எவ்வளவு அண்ணாச்சி?”

“ஐநூறு.”

இதுதான் எங்கள் கடையில் நான் அடிக்கடி பார்க்கிற காரணம். ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி என்று விற்கும், விண்டோஸ் அதை 465 என்று காட்டும். கம்பெனிக்காரர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, வேறொன்றுமில்லை. அந்தக் கணக்கில் 480 ஜிபி எஸ்எஸ்டி 447தான். அண்ணாச்சியின் சி டிரைவில் உண்மையில் இருந்த சரக்கு 90 ஜிபி. ‘தொண்ணூறு எங்கே, நானூற்று நாற்பத்தேழு எங்கே, தாராளமாகக் கொள்ளுமே’ என்று நமக்குத் தோன்றும். அந்த நிரலுக்குத் தோன்றாது. அது சரக்கை அளப்பதில்லை, பழைய பெட்டியை அளக்கிறது. புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தே ஆக வேண்டும். ‘சின்னதாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நாமும் உடனே புரிந்துகொண்டிருப்போம். சொல்லாது.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் பலரிடம் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11. அங்கேயும் இதே வசதி ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7’ என்ற பழைய பெயரிலேயே கன்ட்ரோல் பேனலில் கிடக்கிறது. 2017இல் வந்த பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட், இதை இனி மேம்படுத்தப் போவதில்லை, வேறு நிறுவனங்களின் பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் எடுத்துவிடவில்லை. பூட்டாத பழைய வீடு மாதிரி நிற்கிறது.

அங்கே வருகிற வில்லங்கங்கள் வேறு. முக்கியமானது யூஇஎஃப்ஐ, பயாஸ் சண்டை. கம்ப்யூட்டர் பூட் ஆகும் முறைகள் இவை, பயாஸ் பழையது, யூஇஎஃப்ஐ புதியது. பழைய முறையில் பூட் ஆன கம்ப்யூட்டரின் இமேஜைப் புதிய முறையில் பூட் ஆன கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தால், ஃபர்ம்வேர், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரல், வேறு என்று நேராகவே மறுத்துவிடும். பல நேரம் கம்ப்யூட்டர் அதேதான் இருக்கும், சிடிக்குப் பதிலாக நாம் போடுகிற ரிப்பேர் பென்டிரைவைப் பூட் செய்த விதம்தான் தவறாக இருக்கும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை வரும். ஒன்றில் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இமேஜ் எடுத்தபோது கம்ப்யூட்டர் எந்த முறையில் ஓடியதோ அதே முறையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப்களில் சில, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியையே பென்டிரைவுக்குக் காட்டாது. விஎம்டி என்ற அமைப்பு காரணம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரை எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இமேஜ் ஏற்றும்போது இன்ஸ்டால் டிரைவர்ஸ் என்ற பொத்தான் வழியாகக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை அந்த லேப்டாப்புக்குள்ளேயே குறித்து வைத்திருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் நிரலைப் போட்டு, டிஸ்க்கைத் துடைக்கிற கிளீன் கட்டளை கொடுங்கள், சரியாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். சில பிழைகளுக்கு அது மருந்துதான். ஆனால் கிளீன் என்ற கட்டளை ‘நிச்சயமா?’ என்று கேட்காது. பேக்கப் டிஸ்க்கும் அப்போது செருகியே இருக்கும். லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்காமல் அடிக்காதீர்கள். நான் பேக்கப் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடிப்பேன்.

சரி, அண்ணாச்சியிடம் வருவோம். மணி ஒன்பதரை. ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் கடையும் திறந்திருக்காது. என் அலமாரியில், யாரோ எஸ்எஸ்டி மாற்றிவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று தூசி படிந்து கிடந்தது. சோதித்தேன், நல்ல நிலையில் இருந்தது. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பழைய பெட்டி அளவுக்கே ஒரு பெட்டி. சிடி, இமேஜ், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். இந்தத் தடவை பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

யூஎஸ்பி 2 என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணாச்சி எதிர்க் கடையில் டீ வாங்கி வந்து, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாதியில், “தம்பி, இது இன்னொரு தடவை நின்னா நான் பத்திரிகைத் தொழிலை விட்டுட்டு கேட்டரிங் போயிருவேன்” என்றார். நிற்கவில்லை. கம்ப்யூட்டர் மறுபடி பூட் ஆகி, அவருடைய பழைய முருகன் படம் திரையில் வந்தது. பேஜ்மேக்கரைத் திறந்து, கடைசியாக அடித்த பத்திரிகையை எடுத்தார். ‘திருவளர்ச்செல்வி’ கொம்பும் புள்ளியும் குறையாமல் வந்து நின்றாள்.

“எழுத்து வந்துட்டு. இனி பிழை இருந்தா அது எம் பிழை” என்றார்.

மறுநாள் வேலை சின்னது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை 200 ஜிபிக்குச் சுருக்கினேன். குளோன் செய்கிற, அதாவது டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்கிற மென்பொருளில் கொடுத்து 480 எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அதில் கம்ப்யூட்டர் முன்னைவிட வேகமாகவே எழுந்தது. பயாஸில் சாட்டா அமைப்பை, அதாவது டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசுகிற முறையை மட்டும் பழையபடியே விட்டு வைத்தேன். அதை மாற்றினால் 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரை வரும், அந்தக் கதைக்கு இன்னொரு நாள் வேண்டும். அந்த எஸ்எஸ்டியிலிருந்து புதிதாக ஓர் இமேஜும் எடுத்துக் கொடுத்தேன்.

பில் போடும்போது, அலமாரியில் கிடந்த அந்த 500 ஜிபி டிஸ்க்கைத் திரும்ப வைக்கப் போனேன். அண்ணாச்சி கையை நீட்டினார். “இங்க சும்மா கிடக்கதுக்கு எங்கிட்ட கிடக்கட்டும்” என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். இப்போது ஆடி மாதமும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத நாட்களில், எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அந்த டிஸ்க்கை மாட்டி, இமேஜை அதில் ஏற்றிப் பார்க்கிறார். ஏறியதும் எனக்குப் போன் வரும். “ஏறிட்டு தம்பி” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இப்போது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: ‘மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது’.

வணக்கம்.