எடின்பரோ ஃப்ரிஞ்ச்: புதுமுகங்களின் ஷோவுக்குப் போங்கள்

வணக்கம் மக்களே! பின்னால் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ராயல் மைல் தெருவில் நிற்கிறேன். ஆகஸ்ட் மாதம், ஃப்ரிஞ்ச் என்கிற மேடைக்கலை விழா. கையில் நோட்டீஸ் கட்டோடு நிற்கிறார்கள் பாருங்கள், அதில் நிறைய பேர் காமெடியன்களேதான். சாயங்காலம் மேடை ஏறப்போகிறவர்கள், பகல் முழுக்கத் தூறலில் நனைந்தபடி ஆள் கூப்பிடுகிறார்கள். பத்திரிகையில் நல்ல விமர்சனம் வந்துவிட்டால், விமர்சகர் கொடுத்த நட்சத்திர மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு நோட்டீஸிலும் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுப்பார்கள்.

பெரிய பெயர்களைப் பற்றிப் பேச நிறைய சேனல்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது இவர்களைப் பற்றி.

1947-ல் இந்த ஊரில் சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து, தாங்களே இடம் பிடித்து நடத்தினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஃப்ரிஞ்ச். இன்றுவரை தேர்வுக் குழு கிடையாது, இடம் கிடைத்தால் யாரும் நடத்தலாம். ஆனால் செலவு முழுக்க அவரவர் தலையில். ஹால், விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலே தங்கும் இடம். ஆகஸ்டில் இங்கே அறை வாடகை எகிறிவிடும். கையில் காசு இல்லாத திறமைசாலி எப்படி மூன்று வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பார்? இந்த விழாவில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான்.

அதனால்தான் 1996-ல் பீட்டர் பக்லி ஹில் தொடங்கிய ஃப்ரீ ஃப்ரிஞ்ச் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கலைஞர் ஹால் வாடகை கட்ட வேண்டாம், நாம் டிக்கெட் எடுக்க வேண்டாம். முடிந்ததும் வாசலில் அவரே வாளியோடு நிற்பார், மனசுக்குத் தோன்றியதைப் போடலாம்.

அப்படி ஒரு பப்பின் கீழ்த்தளத்தில் ஒரு இளம்பெண்ணின் ஷோ பார்த்தேன். தாழ்ந்த கூரை, ஒரே ஒரு விளக்கு, பாதி நாற்காலிகள் காலி. அம்மாவின் ஃபோன் அழைப்புகளைப் பற்றி ஒரு ஜோக். நல்ல ஜோக்தான், ஆனால் சொல்லி முடித்ததும் பயத்தில் இன்னொரு வரி சேர்த்து விளக்கினார். எழுந்த சிரிப்பு அதிலேயே அமுங்கிவிட்டது. சில நாள் கழித்து மறுபடி போனேன். அதே ஜோக், அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை, சும்மா நின்றார். முதலில் மூலையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் மொத்த அறையும். ஒரு வரியை எடுத்துவிட்டு, அந்த அமைதியைத் தாங்கி நிற்கிற துணிச்சல் தினமும் மேடை ஏறினால்தான் வரும். இந்த விழா புதுமுகத்துக்குக் கொடுக்கிற பெரிய சொத்து அதுதான் என்று நினைக்கிறேன். விருதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விருதும் வரும். காமெடியன் ரொமேஷ் ரங்கநாதன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, இங்கிலாந்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 2013-ல் இங்கே எடின்பரோ காமெடி விருதுகளில் சிறந்த புதுமுகம் விருதின் இறுதிப் பட்டியலில் வந்தார். 2023-ல் அதே விருதை மும்பை காமெடியன் உரூஜ் அஷ்ஃபாக் வென்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர் வீட்டுக் கதையை இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களும் சிரித்துக் கேட்கிறார்கள், மக்களே!

சரி, நீங்கள் இங்கே வந்தால் ஒரு பெரிய ஷோவோடு, பெயரே கேள்விப்படாத ஒருவரின் ஷோவுக்கும் போங்கள். பின்வரிசையில் ஒளியாதீர்கள், முன்னால் உட்காருங்கள். பிடித்திருந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள், வாளியில் சில்லறை போடாமல் நோட்டாகப் போடுங்கள். தயவுசெய்து மொபைலில் பதிவு செய்யாதீர்கள். அந்த ஜோக் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது, நாளைக்கும் அவர் அதைச் சொல்லியாக வேண்டும்.